பிள்ளைகளின் பங்கை 25 வயது வரை நானே வைத்திருக்கலாமா?

தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியும் விவரங்களை நீக்கி, சுருக்கித் தருகிறேன்.

"என் வயது 39. தனியார் பள்ளியில் ஆசிரியை, மாதம் 18,000 ரூபாய் சம்பளம். தனியார் கம்பெனியில் வேலை பார்த்த என் கணவர் இரண்டு வருடங்களுக்கு முன் உடல்நலக் குறைவால் இறந்துவிட்டார். உயில் எதுவும் எழுதவில்லை. நாங்கள் இந்துக்கள். மகனுக்கு 15 வயது. மகளுக்கு வரும் ஆகஸ்டில் 10 முடிகிறது. கணவர் பெயரில் வங்கியில் 20 லட்சம் டெபாசிட் இருந்தது. 25 லட்சத்துக்கு ஆயுள் காப்பீடும் எடுத்திருந்தார். இரண்டிலும் நான்தான் நாமினி. மொத்தப் பணமும் என் சேமிப்புக் கணக்குக்கு வந்து அப்படியே கிடக்கிறது. அவர் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய ஆறு சென்ட் மனையும் இருக்கிறது. மாமனார் இல்லை. மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். 'எனக்கு எதுவும் வேண்டாம், எல்லாம் பேரப்பிள்ளைகளுக்கே' என்கிறார்.

எனக்கும் இதில் ஒரு ரூபாய் வேண்டாம். எல்லாவற்றையும் பிள்ளைகளுக்கே வைத்துவிட வேண்டும். ஆனால் மகன் கையில் 18 வயதில் கொடுக்கப் பயமாக இருக்கிறது. இப்போதே பைக், போன் என்றுதான் பேச்சு. நான் நாமினி என்பதால் 25 வயது வரை என் பெயரிலேயே வைத்திருந்து கொடுக்கலாம்தானே? கோர்ட் மூலம் கார்டியன் போட்டால் 21 வயது வரை கொடுக்க வேண்டியதில்லை என்று ஒருவர் சொன்னார், உண்மையா? கணவரின் அண்ணன், 'ஆம்பளைதான் கார்டியனா இருக்கணும். பணத்தை என் கடையில போடு, நூத்துக்கு ஒன்றரை வட்டி தர்றேன், பாப்பா கல்யாணத்துக்கு மொத்தமா கொடுத்துடறேன்' என்கிறார். மனையையும் விற்கச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?"

சகோதரி, உங்கள் பயம் 45 லட்சத்தைப் பற்றியது. ஆனால் உங்கள் மகனுக்கு 18 முடியும் நாளில் சட்டப்படி அவர் கேட்கக்கூடியது அவ்வளவு இல்லை. ஏறக்குறைய 5 லட்சமும், மனையில் கால் பங்கும்தான். எது யாருடைய பணம் என்பதை முதலில் பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நாமினி என்றால் சொந்தக்காரர் இல்லை

வங்கி டெபாசிட்டில் நாமினி என்பவர் பணத்தை வங்கியிடமிருந்து வாங்கும் தகுதி பெற்றவர். அவ்வளவுதான். அவரிடம் கொடுத்ததும் வங்கியின் பொறுப்பு முடிகிறது. வாரிசுகளுக்கு அதைச் சேர்க்கும் பொறுப்பு அவருக்கு வருகிறது. உங்கள் கணவர் உயில் எழுதாததால் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். அதன்படி முதல் வகுப்பு வாரிசுகள் நான்கு பேர்: நீங்கள், மகன், மகள், மாமியார். நால்வருக்கும் சமமான பங்கு. மகனுக்குக் கூடுதல் இல்லை, மகளுக்குக் குறைவும் இல்லை. 20 லட்சத்தில் தலைக்கு 5 லட்சம், மனையில் தலைக்குக் கால் பங்கு. மகளின் பங்கு 'கல்யாணக் காசு' அல்ல என்பதையும் உங்கள் மைத்துனரிடம் சொல்லிவிடலாம். அவள் கல்யாணம் செய்துகொண்டாலும் செய்துகொள்ளாவிட்டாலும் அது அவளுடையது.

காப்பீட்டுத் தொகை வேறு கதை. காப்பீட்டுச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு 2015-இல் திருத்தப்பட்டது. அதன்படி மனைவி, கணவர், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரில் ஒருவர் நாமினியாக இருந்தால் அவர் வெறுமனே வாங்கிக் கொடுப்பவர் இல்லை, அந்தப் பணத்தின் பலனுக்கே உரியவர். இந்தத் திருத்தத்தை எல்லா உயர்நீதிமன்றங்களும் ஒரே மாதிரி படிக்கவில்லை, மற்ற வாரிசுகளுக்கும் பங்கு உண்டு என்ற தீர்ப்புகளும் வந்திருக்கின்றன. உங்கள் குடும்பத்தில் இதைக் கேட்கக்கூடிய மற்றொரு பெரியவர் மாமியார் மட்டும்தான். காப்பீட்டுத் தொகையில் தனக்கு உரிமை கோரவில்லை என்று அவரிடம் ஒரு எழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் அந்த 25 லட்சத்தை உங்கள் பணமாகவே கருதி நடக்கலாம் என்பது என் கருத்து.

ஆக, உங்களுடையது 30 லட்சம். பிள்ளைகளுக்குத் தலைக்கு 5, மாமியாருக்கு 5.

யார் கார்டியன்?

நீங்கள்தான். இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் 1956, பிரிவு 6 தந்தைக்குப் பிறகு தாயை இயற்கைக் காப்பாளர் என்கிறது. பெரியப்பாவுக்கு அதில் இடமே இல்லை. பணத்தைப் பிள்ளைகள் பெயரில் டெபாசிட் போட நீங்கள் கோர்ட்டுக்குப் போக வேண்டியதும் இல்லை. நீங்கள் மறுமணம் செய்துகொண்டாலும் அதனால் மட்டும் இந்த உரிமை போகாது. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உறவுக்காரர்கள் எப்போதாவது இதை எடுத்துவிடுவார்கள் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

(இதைப் படிக்கும் மற்ற வாசகர்களுக்கு: கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. பிள்ளைகள் இருக்கும்போது மாமியாருக்குப் பங்கு வராது. முஸ்லிம் சட்டத்தில் தாய் தானாகவே சொத்துக் காப்பாளர் ஆவதில்லை, நீதிமன்றத்தின் மூலம்தான் போக வேண்டும். இந்தப் பதிலை அப்படியே உங்கள் குடும்பத்துக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.)

18-க்கு மேல் தள்ள முடியுமா?

பிள்ளைகளின் சொந்தப் பங்கை முடியாது. கோர்ட் கார்டியன் போட்டால் 21 வயது என்பது ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. 1875-ஆம் ஆண்டு இந்திய வயதுவந்தோர் சட்டத்தில் அப்படித்தான் இருந்தது. 1999-இல் அதைத் திருத்தி, எல்லோருக்கும் 18 என்று ஆக்கிவிட்டார்கள். பழைய தகவல் ஊரில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 18 முடிந்த அன்றே காப்பாளர் என்ற உங்கள் அதிகாரம் முடிகிறது. வங்கியும் உங்கள் கையெழுத்தை ஏற்காது, மகனின் கையெழுத்தையும் அடையாள ஆவணங்களையும் புதிதாகக் கேட்கும்.

25 வயது வரை உங்கள் பெயரில் வைத்திருந்தால்? நல்ல எண்ணத்தில்தான் செய்கிறீர்கள். ஆனால் சட்டத்தின் கண்ணில் அது அடுத்தவர் பணத்தை உங்கள் பணத்தோடு கலந்து வைத்திருப்பது. நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஆனால், எது யாருடையது என்று பிரிக்க ஆள் இருக்காது. மகன் கேட்டால் கணக்குக் காட்டும் கடமையும் உங்களுக்கு உண்டு.

ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உங்கள் மகனுக்கு 18 ஆகும்போது அவர் கல்லூரியில் முதலாம் ஆண்டு படிப்பார். 5 லட்சம் என்பது இன்றைய நிலவரத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் நான்கு வருடக் கட்டணத்துக்கும் விடுதிக்கும் போதுமா என்பதே கேள்வி. பிள்ளையின் பணத்தைத் தொடவே கூடாது என்று நினைத்திருக்கிறீர்கள், அதுவும் சரியில்லை. அவருடைய படிப்பு, மருத்துவம் போன்ற நியாயமான தேவைக்குக் காப்பாளர் செலவு செய்யலாம், சட்டம் தடுக்கவில்லை. ரசீதை மட்டும் பத்திரமாக வையுங்கள். வீட்டுச் சாப்பாடு, மளிகை, கரண்ட் பில் எல்லாம் அதில் சேராது. அது உங்கள் பொறுப்பு.

பணத்தை எங்கே போடுவது

முதல் வேலை, அந்தச் சேமிப்புக் கணக்கைக் காலி செய்வது. டெபாசிட் போட்டால் கிடைக்கும் வட்டியில் பாதிகூட அங்கே கிடைக்காது. இரண்டு வருடம் போனது போகட்டும். இன்னொன்றும் இருக்கிறது. வங்கிக்கு ஏதாவது ஆனால் டெபாசிட் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான். நீங்கள் 45 லட்சத்தையும் ஒரே இடத்தில் வைத்திருக்கிறீர்கள். காப்பாளராக நீங்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் போடும் டெபாசிட், உங்கள் சொந்த டெபாசிட்டிலிருந்து தனியாகக் கணக்கிடப்படும். பிரித்து வைப்பதில் அந்த லாபமும் இருக்கிறது.

மகனின் 5 லட்சத்தை அவர் பெயரில், உங்களைக் காப்பாளராகக் காட்டி, மூன்று நான்கு டெபாசிட்டாகப் பிரித்துப் போடுங்கள். கல்லூரிக் கட்டணம் கட்டும் ஜூன், ஜூலை மாதங்களில் ஒவ்வொன்றாக முதிரட்டும். அப்படிச் செய்தால் 18 வயதில் மொத்தமாக ஒரு தொகை கையில் வந்து நிற்காது. அவர் நினைத்தால் முன்கூட்டியே உடைக்கலாம், உண்மைதான். ஆனால் அடுத்த மாதம் கட்ட வேண்டிய கட்டணத்துக்கு என்று எழுதி வைத்த பணத்தை உடைக்கக் கொஞ்சம் மனம் கூசும். பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கில் போட்டு 15 வருடம் பூட்டிவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். சின்னத் தொகைக்குச் சரி. மொத்தத்தையும் அதில் போட்டால் படிப்புக்கு நீங்கள் வெளியில் கடன் வாங்கும்படி ஆகும்.

மகள் விஷயத்தில் அவசரம் இருக்கிறது. செல்வமகள் சேமிப்புக் கணக்கைப் பெண் குழந்தைக்கு 10 வயது முடிவதற்குள் தொடங்கிவிட வேண்டும். ஆகஸ்ட் தாண்டினால் முடியாது. நிதியாண்டுக்கு ஒன்றரை லட்சம் வரை கட்டலாம், 15 வருடம் வரை கட்டிக்கொண்டு போகலாம். கணக்குத் தொடங்கி 21 வருடத்தில் முதிரும். இப்போதைய வட்டி 8.2 சதவீதம் (அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றலாம்), வட்டிக்கு வரி கிடையாது. அவளுக்கு 18 ஆனாலோ பத்தாம் வகுப்பு முடித்தாலோ, உயர்கல்விக்காக முந்தைய ஆண்டு இருப்பில் பாதி வரை எடுக்கலாம். 18-க்கு மேல் திருமணத்துக்காக மூடவும் இடமுண்டு. மற்றபடி 21 வருடம் பூட்டுதான். 25 வயது வரை பாதுகாக்க வேண்டும் என்ற உங்கள் ஆசை, மகளைப் பொறுத்தவரை சட்டத்துக்கு உட்பட்டே நிறைவேறுகிறது. 5 லட்சத்தையும் ஒரேயடியாகக் கட்ட முடியாது. மீதியை அவள் பெயரில் டெபாசிட்டாகப் போட்டு, வருடா வருடம் எடுத்துக் கட்டுங்கள்.

வருமான வரியைப் பற்றி ஒரே வரி: வாரிசாக வந்த பணத்துக்கு வரி இல்லை, மைனர் பிள்ளைகளின் டெபாசிட் வட்டி உங்கள் வருமானத்தோடு சேர்த்துக் கணக்கிடப்படும், எல்லாம் சேர்ந்தாலும் புதிய வரிமுறையில் 12 லட்சத்துக்குள் நீங்கள் வருவதால் வரி கட்ட வேண்டியிருக்காது.

மகனிடம் பணத்தைப் பற்றி இதுவரை பேசவே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். பேசுங்கள். 15 வயதுப் பையனுக்கு அப்பாவின் பணம் எவ்வளவு, தன் பங்கு எவ்வளவு, அது எதற்கு என்று தெரிந்திருப்பது நல்லது. 10 வயது தாண்டிய பிள்ளைகள், வங்கி வைக்கும் வரம்புக்குள், தங்கள் சேமிப்புக் கணக்கைத் தாங்களே இயக்க ரிசர்வ் வங்கி 2025-இல் வழிவிட்டிருக்கிறது. இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாயோடு ஒரு கணக்கு தொடங்கிக் கொடுங்கள். அதை அவர் எப்படிக் கையாள்கிறார் என்று பார்த்தால், உங்கள் பயம் நியாயமானதா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

மைத்துனரின் ஒன்றரை வட்டி

வேண்டாம். நூற்றுக்கு மாதம் ஒன்றரை என்றால் வருடத்துக்கு 18 சதவீதம். எந்த வங்கியும் தராத வட்டியைக் கடை தருகிறது என்றால், வங்கி ஏற்காத ஆபத்தும் அதில் இருக்கிறது. அவர் நல்லவராகவே இருக்கட்டும். வியாபாரம் படுத்தால் என்ன செய்வீர்கள்? புரோநோட்டு எழுதி வாங்கினாலும் மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். கணவரின் அண்ணன் மேல் நீங்கள் போடுவீர்களா? காப்பாளராக நீங்கள் பிள்ளைகளின் பணத்தை இப்படிக் கைமாற்றாகக் கொடுத்து அது திரும்பாமல் போனால், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள், அவர் இல்லை.

முகத்துக்கு நேரே மறுக்கத் தயக்கமாக இருந்தால், "மைனர் பணத்தைக் கடன் கொடுக்கக் கூடாதுன்னு வக்கீல் சொல்லிட்டார்" என்று என் தலையில் போட்டுவிடுங்கள். உங்கள் சொந்தப் பணத்திலிருந்து உதவ நினைத்தால் அது உங்கள் விருப்பம். கொடுத்தால் திரும்ப வராவிட்டாலும் தாங்கக்கூடிய தொகையாக இருக்கட்டும்.

மனையும் மாமியாரும்

மனையை விற்க உங்கள் கையெழுத்து மட்டும் போதாது. பாதி மனை மைனர்களுடையது. மைனரின் அசையாச் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ, இயற்கைக் காப்பாளரான தாயே ஆனாலும் நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும் (இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், பிரிவு 8). அனுமதி இல்லாமல் விற்றால், பிள்ளைகள் 18 தாண்டி மூன்று வருடத்துக்குள் அந்த விற்பனையை ரத்து செய்யலாம். வழக்கே போடாமல், தாங்கள் அதே சொத்தை வேறொருவருக்கு விற்பது போன்ற நடத்தையின் மூலமும் அதை நிராகரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025-இல் சொல்லியிருக்கிறது. விவரம் தெரிந்து வாங்குகிறவர் யாரும் அனுமதி இல்லாமல் கிட்டே வர மாட்டார். வருகிறவர் விலையை அடிமாட்டுக்குக் கேட்பார். அனுமதி கிடைத்தாலும் மைனர்களின் பங்கை 18 வயது வரை வங்கியில் டெபாசிட் போடச் சொல்லித்தான் நீதிமன்றம் பொதுவாக உத்தரவிடும். உங்களுக்குப் பண நெருக்கடி இல்லை. மனை அப்படியே இருக்கட்டும். பட்டாவில் நால்வர் பெயரையும் ஏற்றிவிட்டு, எல்லைக் கல்லை வருடம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மாமியார் "வேண்டாம்" என்பது வாய்வார்த்தை. அது அவர் மனசு, சட்டத்தில் அதற்கு எடை இல்லை. அவர் எதுவும் எழுதி வைக்காமல் காலமானால், அவருடைய பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகும். அதாவது மைத்துனருக்கும், நாத்தனார் இருந்தால் அவருக்கும், இறந்த மகனின் இடத்தில் உங்கள் பிள்ளைகளுக்கும். அப்புறம் மைத்துனர் அந்த மனையில் கூட்டுப் பங்குதாரர் ஆகிவிடுவார்.

இதற்காக அவரிடம் எல்லாவற்றையும் எழுதி வாங்கிவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வயதானவர், தனக்கென்று வருமானம் இல்லாதவர். அவருடைய 5 லட்சத்தை அவர் பெயரிலேயே அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்தாயிரத்துக்குச் சற்று மேல் அவர் கைக்கு வரும். மருந்துக்கு உங்கள் கையை எதிர்பார்க்க வேண்டாம். அந்தப் பணம் தனக்குப் பின் பேரப்பிள்ளைகளுக்கு என்று அவர் உயில் எழுதட்டும். மனையின் கால் பங்கை இப்போதே கொடுக்க விரும்பினால், பேரப்பிள்ளைகள் பெயருக்குச் செட்டில்மென்ட் பத்திரம் பதிவு செய்யலாம். ஒன்று கவனியுங்கள்: உயிலை யார் பேச்சைக் கேட்டும் நாளைக்கு மாற்றி எழுதலாம், பதிவு செய்த செட்டில்மென்டை அவ்வளவு எளிதாக மாற்ற முடியாது. எதுவானாலும் அவரே விரும்பி, மைத்துனருக்கும் தெரிந்து நடக்கட்டும்.

உங்கள் 30 லட்சம்

இதைப் பிள்ளைகள் பெயருக்கு மாற்றாதீர்கள். 39 வயது, 18,000 சம்பளம், முன்னால் இன்னும் முப்பது நாற்பது வருட வாழ்க்கை. எதுவும் வேண்டாம் என்று நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் அவர்கள் பெயருக்கு எழுதிய நொடியில் அது அவர்களுடையது, 18-இல் அவர்கள் கைக்குப் போகும். நீங்கள் எதைக் கண்டு பயப்படுகிறீர்களோ அதை நீங்களே உண்டாக்குகிறீர்கள். உங்கள் பெயரில் இருந்தால் மகனுக்கு 20 வயதில் கொடுக்கலாம், 25-இல் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். 25 வயது என்ற உங்கள் விதி செல்லுபடியாகும் இடம் இந்த 30 லட்சம்தான்.

இதற்காக இப்போதே டிரஸ்ட் தொடங்க வேண்டுமா என்றால், இந்தத் தொகைக்குத் தேவையில்லை. தனி பான், தனிக் கணக்கு, வருடா வருடம் ரிட்டர்ன் என்று செலவுதான் ஏறும். ஓர் உயில் எழுதுங்கள். பிள்ளைகள் சிறுவர்களாக இருக்கும்போது உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பணம் இரண்டு பொறுப்பாளர்கள் கையில் டிரஸ்டாக இருக்க வேண்டும், படிப்புக்கும் மருத்துவத்துக்கும் அதிலிருந்து செலவு செய்ய வேண்டும், 21-இல் பாதி, 25-இல் மீதி கொடுக்க வேண்டும் என்று அதில் எழுதலாம். 'மகனுக்கு 25 வயதில் கொடுக்கவும்' என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். பயனாளி ஒருவர் மட்டுமே, அவருக்கு 18 முடிந்துவிட்டது என்றால், டிரஸ்ட் சொத்தை உடனே கேட்க இந்திய டிரஸ்ட் சட்டத்தின் 56-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. அதனால் வாசகத்தை ஒரு வக்கீலை வைத்தே எழுதுங்கள். இரண்டு சாட்சிகள் கட்டாயம், பதிவு கட்டாயமில்லை. ஆனால் உங்கள் சூழ்நிலையில் பதிவு செய்வதே நல்லது.

அப்புறம், கணவருக்குச் சம்பளத்தில் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடித்தார்களா என்று உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. பிடித்திருந்தால் ஓய்வூதியத் திட்டத்தில் உங்களுக்கு விதவை ஓய்வூதியமும், இரண்டு பிள்ளைகளுக்கும் அதில் தலைக்குக் கால் பங்கு வீதம் 25 வயது வரை தனி ஓய்வூதியமும் உண்டு. வேலையில் இருக்கும்போது இறந்திருந்தால், பி.எஃப். உடன் இணைந்த காப்பீட்டில் 7 லட்சம் வரை வரக்கூடும். இரண்டு வருடம் ஆகிவிட்டதே என்று விட்டுவிடாமல், அவருடைய பழைய சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு பி.எஃப். அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள்.

உயிலில் இன்னொரு வரியும் வேண்டும்: உங்களுக்குப் பின் பிள்ளைகளுக்கு யார் காப்பாளர் என்பது. இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 9-ஆம் பிரிவு விதவைத் தாய்க்கு அந்த உரிமையைத் தருகிறது. நீங்கள் எழுதாவிட்டால் ஆளாளுக்குக் கோர்ட்டில் மனுப் போடுவார்கள், மைத்துனரும் போடலாம். கடிதத்தில் உங்கள் தங்கையைப் பற்றி இரண்டு இடத்தில் எழுதியிருந்தீர்கள், மனதில் அவர்தான் இருக்கிறார் என்று தோன்றுகிறது. பிள்ளைகளை வளர்ப்பவரும் பணத்தைப் பார்த்துக்கொள்பவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை. வளர்ப்புக்குத் தங்கை, பணத்துக்குத் தங்கையோடு உங்கள் பள்ளியில் நீங்கள் நம்பும் மூத்தவர் ஒருவர் என்று வைக்கலாம். எழுதுவதற்கு முன் அவர்களிடம் கேட்டு, சம்மதம் வாங்கிவிடுங்கள்.